கழுத்துக் கட்டை

அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிலும் நான்கு சுவர் உண்டு. உள்ளே ஒரு தட்டிகூடக் கிடையாது. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில்தான். ஒன்றாம் வகுப்பு கிழக்கே பார்த்து உட்காரும். இரண்டாம் வகுப்பு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்க்கும். மூன்றும் நான்கும் ஜன்னலோரம். ஐந்தாம் வகுப்பு மட்டும் பெரிய மனுஷத் தோரணையில் வாசற்படிக்குப் பக்கத்தில். இத்தனைக்கும் வாத்தியார் ஒரே ஆள். ஒரு வகுப்பு வாயைத் திறந்தால் மற்ற நான்குக்கும் அன்றைக்குப் பாடம் போச்சு.

கூடம் பள்ளிக்கூடத்துக்காகக் கட்டியதும் அல்ல. முதலில் அதுதான் சர்ச். பக்கத்தில் கல்லால் பெரிய சர்ச் எழும்பிய பிறகு, பழையதைச் சும்மா விட்டால் யாராவது ஆட்டைக் கொண்டுவந்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்து அப்போதிருந்த பாதிரியார் பிள்ளைகளை அடைத்தார். சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர்தான் முதல் வாத்தியார். அவர் எல்லாவற்றையும் பாட்டாகவே சொல்லிக் கொடுத்ததால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், கணக்கு மட்டும் வராது. அவருக்குப் பிறகு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். வீட்டில் பாதியில் விட்ட சண்டையை வகுப்பில் தொடர்ந்தார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது, சபைக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் வந்து சேர்ந்தவர்தான் பெரியவாத்தியார்.

வந்த புதிதில் அவரும் கத்தித்தான் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் போட்டுக் காட்டும்போது முதுகுக்குப் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று எந்த வாத்தியாருக்குத் தெரியும்? ஒரு நாள் சர்ச்சில் ஒரு பழைய பெஞ்சு முறிந்து விழுந்தது. அதன் கால் ஒன்றை எடுத்துத் தச்சரிடம் கொடுத்து, சாண் நீளத்துக்கு அறுத்து, ஓட்டை போட்டு, சணல் கயிறு கோத்து வாங்கி வந்தார். அதில் 'நான் பேசினேன்' என்று செதுக்கியிருந்தது.

சட்டம் சுலபமானது. காலையில் முதலில் பேசுகிற பிள்ளையின் கழுத்தில் கட்டை ஏறும். அதற்கப்புறம் வாத்தியார் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். கட்டையைப் போட்டிருக்கிற பிள்ளை இன்னொரு பிள்ளை பேசுவதைப் பிடித்து விரலை நீட்டிக் காட்டினால் போதும், கட்டை அந்தக் கழுத்துக்குப் போய்விடும். சாயங்காலம் மணி அடிக்கப் போகிற நேரத்தில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளை கரும்பலகைக்குக் கீழே போய் நின்று கையை நீட்ட வேண்டும். அடி வாங்கியதும் வாத்தியார் தாடையை லேசாக அசைப்பார். போய்ச் சுவரோரம் உட்கார் என்று அர்த்தம். மணி அடித்துவிட்டால் அதோடு சரி. ஓங்கிய பிரம்பைக்கூடக் கீழே இறக்கிவிடுவார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது, நாணயமான மனுஷர்.

கட்டை வந்த பிறகு கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். ஒருத்தன் வாயை ஒருத்தன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவர்களோ வாத்தியாரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தாசில்தார், நர்ஸ், பாலம் கட்டுகிற காண்ட்ராக்டர் என்று அந்த ஒற்றைக் கூடத்திலிருந்து ஆட்கள் கிளம்பிப் போனார்கள். எல்லாரும் ஒரு தடவையாவது கட்டையைச் சுமந்தவர்கள்தான், ஒரே ஒரு பிள்ளையைத் தவிர.

அது பெரியவாத்தியாரின் சொந்த மகள். அவள் பேசாத பிள்ளை அல்ல. நான்காம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள் கதையளப்பு போதும் போதும் என்று ஆகிவிடும். ஆனால் வாத்தியார் மகளைக் காட்டிக் கொடுக்க யாருக்குத் துணிச்சல்? அவள் பேசுவாள், கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை கட்டையைச் சுமக்கும். அப்பா போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். அவருக்கு மகள் குரல் தெரியாதா என்று அந்த நாளில் யாரும் கேட்கவில்லை.

அவள்தான் இப்போது டீச்சர். கூடம் அதேதான், ஐந்து வகுப்பும் அதேதான். கட்டையை அவள் எடுக்கவில்லை. அது சாமான் அறையில், பிரம்புக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

போன மழையில் அடித்த காற்று கூரைத் தகட்டில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கேயோ வயலில் போட்டது. மிச்சம் பாதியில் சல்லடை மாதிரி ஓட்டை. ஒரு சாரல் அடித்தால் போதும், ஒன்றாம் வகுப்பு எழுந்து இரண்டாம் வகுப்பின் மடியில் போய் உட்காரும். கரும்பலகையில் எழுதியது தானாகவே அழியும். சபை ஆபீசிலிருந்து ஆள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்குள் கூரை ஏறாவிட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட வேண்டியது, பிள்ளைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் டீச்சரின் வீட்டையும் பூட்டியதாகத்தான் அர்த்தம். கூடத்தின் பின் சுவரில் சாய்த்துக் கட்டிய இரண்டு அறைதான் அவர்கள் வீடு. முன்னறையில் ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன அப்பா. பின்னறையில் அடுப்பும் அம்மாவும். அப்பாவைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது? இந்தக் கேள்வியோடு எழுந்து இதே கேள்வியோடு படுத்துக்கொண்டிருந்தாள் டீச்சர்.

வாதம் வந்ததில் பெரியவாத்தியாருக்கு வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. இடது கை மிச்சம். கம்பை ஊன்றி நாலடி நடப்பார். தொண்டையிலிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வரும். அது ஆமாமா, இல்லையா, தண்ணீரா, வலியா என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்குப் பேச்சு போன நாளிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"கேட்டுக்கிட்டே இருந்தேன்டி இத்தனை வருஷமும். அவரு பேசுவாரு, நான் கேப்பேன். வாயைத் திறந்தா, 'இது என்ன ஸ்கூலா, வீடா'ன்னு கேப்பாரு. ஸ்கூல்லயும் பேசக்கூடாது, வீட்லயும் பேசக்கூடாதுன்னா பொம்பள எங்கதான் போய்ப் பேசறது? கெணத்துக்குள்ளயா? இப்ப நான் பேசறேன், அவரு கேக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா குழைந்த சோற்றை ஸ்பூனால் அவர் வாயில் தள்ளுவாள். விழுங்கினாரா என்று பார்க்க மாட்டாள். அடுத்த ஸ்பூன் தயாராக இருக்கும்.

"மெதுவாம்மா. பொரை ஏறும்."

"ஏறட்டும். இறங்கத் தெரியாதா அதுக்கு?"

இப்படி ஒரு மத்தியானத்தில்தான் வாசலில் கார் நின்றது. இறங்கி வந்தவர் பாலம் கட்டுகிற அந்தக் காண்ட்ராக்டர். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, குனிந்து உள்ளே வந்து, பெரியவாத்தியாரின் காலைத் தொட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அப்பா மெல்லுவதை நிறுத்தியதை டீச்சர் கவனித்தாள்.

"சார், என்னைத் தெரியுதா? தொணதொணா. நீங்க வச்ச பேருதான்! ஊரெல்லாம் எனக்குப் பேரு வேற, ஆனா எங்க வீட்ல கோவம் வந்தா இன்னும் அதைத்தான் சொல்லிக் கூப்பிடுறாங்க."

"அவருக்கு ஒண்ணும் புரியாதுப்பா. நீ உக்காரு. எவ்வளவு பெரிய ஆளாயிட்ட!" என்றாள் அம்மா.

"புரியுதும்மா. கண்ணைப் பாருங்க" என்றார் காண்ட்ராக்டர். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "ஃபாதர்கிட்ட பேசிட்டேன் டீச்சர். கூரை முழுக்க என் பொறுப்பு. நல்ல கெட்டித் தகடு, உங்க காலம் வரைக்கும் அசையாது. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விழா. பழைய பசங்க எல்லாரையும் கூப்பிடறேன். ஸ்கூல் வரலாறை நீங்க மைக்ல சொல்லுங்க. சார் நடுவுல உக்காரணும்."

டீச்சருக்குக் கும்பிடலாம் போல இருந்தது. இந்த மனுஷரையா அப்பா தொணதொணா என்று கூப்பிட்டார் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"இன்னொண்ணு. அந்தக் கட்டை இருக்கா டீச்சர்?"

அது கரையான் அரித்துப் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"சாமான் ரூம்ல ஆணியில தொங்குதேப்பா! பிரம்புகூட இருக்கு. நான்தான் தொடைச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?" என்றாள் டீச்சர்.

"சும்மா ஒரு தமாஷு. சார் கழுத்துல அதை மாட்டி, நாங்க எல்லாரும் சுத்தி நின்னு ஒரு போட்டோ. எத்தனை பேர் கழுத்துல மாட்டியிருப்பாரு! ஒரு தடவை அவரும் போடட்டுமே."

"அப்பா கழுத்துலயா? வேண்டாமே. உடம்பு முடியாதவரு."

"வேண்டாம்னா வேண்டாம். நான் வற்புறுத்தவே மாட்டேன்." காண்ட்ராக்டர் எழுந்து, வெளியே போய், கூரையைச் சாவகாசமாக அண்ணாந்து பார்த்தார். "தகடெல்லாம் லாரியில ஏத்தியாச்சு டீச்சர். ஏத்தினதை இறக்கச் சொல்றதுக்கு ஒரு போன் போதும். அதுல எனக்கு ஒண்ணும் சிரமமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

கார் போன பிறகு அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள். "இதுல யோசிக்க என்னடி இருக்கு? ஒரு துண்டு மரம். போட்டா கழுத்து தேஞ்சா போயிரும்? ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் போட்டுச்சுங்க, ஒண்ணாவது செத்துப்போச்சா?"

"எல்லார் முன்னாலயும்மா."

"எல்லார் முன்னாலயும்தான் அவரும் மாட்டினாரு. உள்ள கூட்டிட்டுப் போயா மாட்டினாரு?"

முன்னறையில் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

விழா நாள் காலையில் அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டவள் டீச்சர்தான். விழுந்துபோன பக்கத்துக் கன்னத்தைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை ஓட்டினாள். சோப்பு நுரைக்கு நடுவில் அவர் கண் அவளையே பார்த்தது.

"அப்பா, இன்னைக்கு ஒரு தமாஷு பண்ணுவாங்க. போட்டோவுக்குத்தான். நீங்க பேசாம..." என்று ஆரம்பித்தவள், என்ன சொல்கிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷந்தான். அப்புறம் கூரை வந்துரும். நாம இங்கேயே இருக்கலாம்."

"ம்" என்றார் அப்பா. அது எந்த 'ம்' என்று அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. சவரக்கத்தியைக் கழுவப் போய்விட்டாள்.

கூடம் நிறைந்துவிட்டது. மேலே ஓட்டைகள் வழியாக வெயில் விழுந்து, வந்தவர்கள் தலையிலும் தோளிலும் வட்டம் வட்டமாகக் கிடந்தது. வயிறு பெருத்தவர்களும் தலை நரைத்தவர்களும் பழைய ஞாபகத்தில் அவரவர் வகுப்பு உட்கார்ந்த இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் ஒரு பெண்பிள்ளை, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருவில் துணி தைக்கிறவள். ஒரு காது சுத்தமாகக் கேட்காது. அதனால் பேசினால் தெருவுக்கே கேட்கும். அவளும் காண்ட்ராக்டரும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள்.

பாதிரியார் ஜெபம் சொன்னார். டீச்சர் வரலாறு சொன்னாள். ஆட்டுக்குப் பயந்து பிள்ளைகளை அடைத்த கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஆர்மோனிய வாத்தியாருக்குச் சிரித்தார்கள். சண்டைக்காரத் தம்பதிக்கு இன்னும் சிரித்தார்கள். பிறகு பெரியவாத்தியார் வந்து பள்ளிக்கூடத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார், பலரை ஆளாக்கினார் என்று சொல்லி வேகமாக முடித்தாள்.

"கட்டையை விட்டுட்டீங்களே டீச்சர்!" என்றார் காண்ட்ராக்டர். கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். அவர் கட்டையைத் தூக்கிக் காட்டினார். கயிறு புதிதாக மாற்றியிருந்தது. "நீங்களே போடுங்க. மகள் கையால போட்டா மரியாதையா இருக்கும்."

டீச்சர் பாதிரியாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கினாள். அப்பா தலையைத் தானாகவே குனிந்து கொடுத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கயிறு காதில் மாட்டிக்கொண்டது. சரிசெய்துவிட்டாள். 'நான் பேசினேன்' என்று கட்டை அவர் நெஞ்சில் கிடந்தது. எல்லாரும் சுற்றி வந்து நின்று போட்டோ எடுத்தார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். டீச்சர் கட்டையைக் கழற்றக் கை நீட்டியபோது பெரியவாத்தியார் அவள் கையைத் தட்டிவிட்டார். கம்பை ஊன்றி எழுந்தார். காலை இழுத்து இழுத்து நடந்து கரும்பலகைக்குக் கீழே போய் நின்றார். அடி வாங்குகிற பிள்ளைகள் வழக்கமாக நிற்கிற இடம் அது. அங்கே தரை குழிந்திருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, கம்பைக் கீழே போட்டுவிட்டு, அசைவுள்ள இடது கையை விரித்து நீட்டினார்.

கூடம் அடங்கிப்போனது. பழையபடி ஈ பறந்தால் கேட்கும் அமைதி.

"பாத்தீங்களா! சார் சட்டத்தை மறக்கல!" என்று காண்ட்ராக்டர்தான் முதலில் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் பிரம்பை எடுத்து வந்து, நீட்டிய உள்ளங்கையில் பூ வைப்பது போலத் தொட்டார். கை இறங்கவில்லை. யாரோ, "அது பத்தாதாம்டா!" என்றார்கள். இரண்டாவது தடவை சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் ஆள் ஆளாக எழுந்து வந்தார்கள். வரிசைகூட நின்றது. தொட்டுவிட்டுப் போனவர் உண்டு. முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பிறகு அடித்துவிட்டுப் போனவர் உண்டு. "இது குளிர்ல நிக்க வச்சதுக்கு சார்", "இது எங்க அண்ணனுக்கு" என்று ஆளுக்கொரு பாக்கி. சிரிப்புக்கு நடுவில் பிரம்புச் சத்தம் வரவரச் சுள்ளென்று விழுந்தது. பெரியவாத்தியாரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை மட்டும் சிவந்துகொண்டே போனது.

வாசற்படியோரம் தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் பள்ளிக்கூட மணி. இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு டீச்சர் அதன் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு அடி அடித்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். மணி அடித்துவிட்டால் அதோடு சரி என்பது அந்தக் கூடத்தில் படித்த எல்லார் ரத்தத்திலும் ஊறியது. தடியை ஓங்கினாள். ஆனால் காண்ட்ராக்டர் கூரையைப் பற்றி இன்னும் மைக்கில் சொல்லவில்லை. பாதிரியாரின் காதோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் அடித்தால் முகம் சுளிப்பாரோ? ஒரு போன் போதும் என்றாரே. சொல்லிவிடட்டும், சொன்ன உடனே அடித்துவிடலாம். தடியை ஓங்கியபடியே அவள் காத்து நின்றாள். பின்னால் இன்னொரு அடி விழுந்தது. காத்து நின்றாள்.

"சார்!"

தையற்காரியின் குரல் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். அவள் வரிசையில் நிற்கவில்லை. நேரே வந்து பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு பெரியவாத்தியாரின் முன்னால் நின்றாள். அடிக்கவில்லை. அவர் முகத்துக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோய்க் கத்தினாள்.

"நான் பேசல சார்! அன்னைக்கு நான் பேசவே இல்ல. என்னைக்குமே பேசல. இவன்தான் பேசுவான். பேசிட்டு, சாயங்காலம் ஆனதும் என்னைக் காட்டிட்டு ஓடிருவான். நான் பேசலன்னு உங்ககிட்ட சொன்னேன். எதிர்த்துப் பேசறியான்னு காதோட சேர்த்து விட்டீங்க. அதோட இந்தக் காது போச்சு. இப்பவாச்சும் சொல்லுங்க. நான் பேசினேனா?"

பெரியவாத்தியாரின் வாய் கோணிக் கோணித் திறந்தது. "ம்... ம்..." என்று சத்தம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து விழுந்துபோன கன்னத்தில் இறங்கியது.

"கேக்கலியே சார். எனக்குத்தான் காது போச்சே!" என்றாள் தையற்காரி. ஒருத்தராலும் சிரிக்க முடியவில்லை.

அவள் பிரம்போடு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள்.

"நீ நீட்டுடா கையை."

"என்ன விளையாட்டு இது? வயசானவரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தா..." காண்ட்ராக்டர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். மடிப்புக் கலையாத சட்டையில் வேர்வை பூத்தது. "ஃபாதர், யாரு இவங்களை உள்ள விட்டது?"

"பேசினது நீ. கையை நீட்டு. நீட்டுடா தொணதொணா!"

பிரம்பு ஓங்கி மேலே போனது.

அப்போது மணி அடித்தது.

டீச்சர்தான் அடித்தாள். விடாமல், வெறி பிடித்தவள் போல, தண்டவாளத் துண்டு கயிற்றில் சுழன்று ஆட, திரும்பத் திரும்ப அடித்தாள். ஓங்கிய பிரம்பு தானாகக் கீழே இறங்கியது. அந்தச் செவிட்டுக் காதையும் தாண்டி மணி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். தையற்காரி பிரம்பைத் தரையில் போட்டாள். போகிற போக்கில் வாசலில் டீச்சரைப் பார்த்து, "நல்ல நேரத்துக்கு அடிச்ச" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் மூச்சு விட்டது. காண்ட்ராக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். பழைய நினைவுகளில் எல்லாரும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்றார். நாளைக் காலையில் தகட்டு லாரி வாசலில் நிற்கும் என்றார். கைதட்டினார்கள். பாதிரியார் அவருக்குத் தனியாக ஒரு ஜெபம் சொன்னார். காரில் ஏறுவதற்கு முன்னால் அவர் டீச்சரிடம் வந்து, "ரொம்பத் தேங்க்ஸ் டீச்சர். சமயத்துல அடிச்சீங்க" என்றார். ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொன்னார்கள்.

பெரியவாத்தியாரை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார வைக்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா வாசலில் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துவைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்கை தடித்து வீங்கியிருந்தது. ஒரு இடத்தில் தோல் வெடித்திருந்தது. மருந்து போட்டாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கட்டையைக் கழட்டிரலாம்பா" என்று கையைக் கொண்டுபோனாள்.

அவர் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"முடிஞ்சுபோச்சுப்பா. எல்லாரும் போயிட்டாங்க. கூரை வருது. வேற யாரும் இல்ல, நான்தான் இருக்கேன்."

பெரியவாத்தியார் அவளைப் பார்த்தார். போர்டில் எழுதிவிட்டுத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் யார் என்று தேடுவாரே, அந்தப் பார்வை. பிறகு கட்டையிலிருந்து கையை எடுத்து, ஒற்றை விரலை நீட்டி, அவளைக் காட்டினார். அவ்வளவு அடி வாங்கிய கை. விரல் நடுங்கவே இல்லை.

எல்லாம் புரிந்துதான் இருந்தது அவருக்கு. யாருக்காக மணி அடிக்கவில்லை, யாருக்காக அடித்தது என்று கரும்பலகைக்குக் கீழே நின்றபடியே அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

டீச்சர் தலையைக் குனிந்தாள். அவர் ஒற்றைக் கையால் கயிற்றைத் தன் தலைக்கு மேலே இழுத்துக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். அத்தனை வருஷமாக அந்தக் கூடத்தில் இருந்த கட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் கழுத்துக்கு வந்தது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகள் சொன்னதுமில்லை.

அவர் காத்திருந்தார். அவள் கையை நீட்டினாள். பிரம்பு கூடத்தில் கிடந்தது. அதனால் அவர் வீங்கிப்போன அந்த இடது கையையே ஓங்கி அடித்தார். அடித்ததில் அவருக்குத்தான் வலி அதிகமாக இருந்திருக்கும். வாய் கோணியது. மருந்தோடு சேர்ந்து அவர் ரத்தம் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"என்னடி சத்தம் அங்க?" என்று வாசலிலிருந்து அம்மா கேட்டாள்.

பெரியவாத்தியார் தாடையை லேசாக அசைத்தார்.

டீச்சர் எழுந்தாள். கழுத்தில் கட்டையோடு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அது கூடத்துக்கும் வீட்டுக்கும் பொதுவான சுவர்.

"ஒண்ணுமில்லையாம்" என்று தானே பதில் சொல்லிக்கொண்டு, அம்மா வாசலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "கெட்டித் தகடாம்டி. அசையவே அசையாதாம். நாங்க கும்பிட்ட சாமி எங்களைக் கைவிடல. அந்தத் தம்பிக்கு என்ன தங்கமான மனசு, பாத்தியா!"